முக அமைப்பும் கீழ்த்தாடையின் நகர்வும்

உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய்க்காக வாயில் அணியும் கருவியைப் பெற்றுக்கொண்ட இருவர் சந்தித்துப் பேச நேர்ந்தால், அவர்களிடையே முதலில் எழும் கேள்வி பெரும்பாலும், "உங்களுக்குத் தாடையை எத்தனை மில்லிமீட்டர் முன்னே தள்ளி வைத்திருக்கிறார்கள்?" என்பதே. ஒருவர் 5 என்பார். மற்றவர் 8 என்பார். 5 உடையவர் தமக்குச் சிகிச்சை குறைவாகவே நடந்திருக்கிறதோ என்று மனம் கலங்கி, மறுநாளே தம் பல் வைத்தியரிடம் சென்று, கருவியின் திருகாணியை இன்னும் சற்றுத் திருப்பித் தருமாறு வேண்டுவார். இந்த மயக்கம் இயற்கையானது. ஆனால் இதனால் விளையும் துன்பம் சிறிதன்று. ஒருவருடைய தாடை எவ்வளவு தூரம் முன்னே வரலாம், எந்தப் பாதையில் வரும், வந்தபின் தொண்டையில் எவ்வளவு இடம் திறக்கும் என்பன எல்லாம் அவரவர் முகத்தின் எலும்பமைப்பைப் பொறுத்தவை. ஆதலால் ஒரு முகத்தின் கணக்கை மற்றொரு முகத்துக்குப் பொருத்துவது, முற்றிலும் பிழையான வழியில் கொண்டுபோய் விட்டுவிடும்.

முதலில், தாடையை முன்னே நகர்த்துவதால் மூச்சுக்கு ஏன் வழி பிறக்கிறது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். நாவின் பெரும்பகுதியாக அமைந்த தசை, கீழ்த்தாடையின் உட்புறத்தில், மோவாய்க்கு நேர் பின்னே உள்ள சிறு எலும்பு முளைகளில் பற்றிக்கொண்டு, அங்கிருந்து விசிறிபோல் விரிந்து நாவுக்குள் செல்கிறது. கழுத்தின் மேற்புறத்தில் வேறெந்த எலும்போடும் நேரே சேராமல் தசைகளாலும் நாண்களாலும் தொங்கி நிற்கும் நாவெலும்பும் தாடையோடு அவ்வாறே பிணைக்கப்பட்டுள்ளது. விழித்திருக்கும்போது இத்தசைகள் விறைப்புடன் இருந்து நாவை முன்னே இழுத்து வைத்திருக்கின்றன. நித்திரை வந்ததும் அவ்விறைப்பு தளர்கிறது. மல்லாந்து படுத்தவருக்கு நாவின் அடிப்பாகமும் மென்மையான அண்ணமும் பின்னே சரிந்து சுவாசப் பாதையை நெருக்குகின்றன. தாடையை முன்னே நிறுத்தினால் நாவும் அதனோடு முன்னே வருகிறது. அதுமட்டுமன்று: அண்ணத்தையும் நாவையும் தாடையையும் இணைக்கும் மெல்லிய திசுப் பட்டைகள் இழுபடுவதால், அண்ணத்துக்குப் பின்னே உள்ள குழல் பக்கவாட்டிலும் அகலுகிறது என்பதை எம்.ஆர்.ஐ. படங்கள் காட்டியிருக்கின்றன. பலர் எண்ணுவதுபோல் நாவு பின்னே விழாமல் தடுப்பது மட்டும் இக்கருவியின் வேலையன்று. குழலின் பக்கச் சுவர்களுக்கு உறுதி தருவதும் அதன் வேலையே.

ஜப்பானில் சிபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இசோனோ முதலியோர் இந்நோயை விளக்குவதற்குக் கைக்கொண்ட ஒரு கருத்து, இங்கே மிகவும் பயன்படுவது. தாடைகளும் கழுத்தெலும்பும் சேர்ந்து ஒரு பெட்டி. நாவும் அண்ணமும் கொழுப்பும் அதனுள் அடைக்கப்பட்ட துணிகள். துணி மிகுந்தாலும் இடம் நெருங்கும், பெட்டி சிறுத்தாலும் இடம் நெருங்கும். பருமனால் நோய் வந்தவருக்குத் துணி மிகுதி. மெலிந்த உடலோடு இருந்தும் தாடை சிறுத்ததால் நோய் வந்தவருக்குப் பெட்டி சிறிது. சிட்னியிலும் ஹாங்காங்கிலும் உள்ள நோயாளிகளை ஒப்பிட்டு 2010இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, நோயின் கடுமை ஏறக்குறைய ஒன்றாயிருந்தபோதும், ஐரோப்பிய வம்சத்தவரிடம் பருமனும், சீனரிடம் முக எலும்பின் குறுக்கமும் மேலோங்கி நின்றதைக் கண்டது. தாடைக் கருவி செய்வது பெட்டியை முன்புறம் சற்று நீட்டுவதே. ஆகையால் பெட்டி சிறுத்தவர்களுக்கு இதனால் நல்ல பயன் கிட்டும் என எதிர்பார்ப்பதற்கு நியாயம் உண்டு. துணி மிகுந்தவர்களுக்கு அந்நியாயம் அவ்வளவு வலுவுடையதன்று. அவர்கள் உடல் எடையைக் குறைக்கும் முயற்சியையும் கூடவே மேற்கொள்ள வேண்டும்.

இவ்வறிவு நேற்றுத் தோன்றியதன்று. பிரான்ஸ் தேசத்து வாய் மருத்துவர் பியேர் ரோபின் என்பார், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, தாடை பின்வாங்கிய குழந்தைகளுக்கு அதை முன்னே கொண்டுவர ஒரே கட்டையாலான 'மோனோபிளாக்' கருவியை உபயோகித்தார். 1923இல், பின்னே விழும் நாவு மூச்சுக்கு இடையூறாவதைப் பற்றி எழுதினார். வளர்ந்தவர்களின் உறக்க நோய்க்கு அக்கருத்து மீண்டும் வரப் பல பத்தாண்டுகள் சென்றன. 1981இல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் காற்றழுத்த முகமூடியை, அதாவது இன்று 'சிபேப்' எனப்படும் இயந்திரத்தை, வெளியிட்ட காலத்துக்குப் பின்னரே வாய்க் கருவிகளும் பெருகின. முகமூடியைத் தாங்க இயலாதவர்களுக்கும் வேறு வழியை விரும்புகிறவர்களுக்கும் இக்கருவியைத் தரலாம் என்று அமெரிக்க உறக்க மருத்துவ அகாதெமி 2015இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. ஆனால் அது ஆளுக்கேற்ப அளவெடுத்துச் செய்ததாகவும், படிப்படியாக முன்னே நகர்த்தத் தக்கதாகவும், தகுதியுள்ள பல் வைத்தியரால் பொருத்தப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்பதே அதன் வற்புறுத்தல்.

இனி மூட்டைப் பார்ப்போம். காதுக்குச் சற்று முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால், தோலின் கீழே ஓர் எலும்பு முனை அசைவதை எவரும் உணரலாம். அம்மூட்டு இருவகை அசைவுகளைச் செய்கிறது. வாயைச் சிறிதளவு, ஏறத்தாழ 20 அல்லது 25 மி.மீ. வரை, திறக்கும்போது முனை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே ஓர் அச்சைச் சுற்றிச் சுழல்கிறது. அதற்கு மேல் திறக்கையிலும், வாய் மூடியபடியே தாடையை முன்னே நீட்டுகையிலும், மண்டையோட்டின் கீழ்ப்புறத்திலுள்ள ஒரு சரிவின்மீது முன்னும் கீழுமாக வழுக்கிச் செல்கிறது. ஸ்வீடன் தேசத்து உல்ஃப் பொசெல்ட் 1952இல் தாடை செல்லக்கூடிய எல்லைகளை எல்லாம் வரைந்து காட்டினார். அவ்வெல்லைக் கோடு இன்றும் பல் மருத்துவ மாணவர் ஒவ்வொருவருக்கும் பாடமாக உள்ளது. அச்சரிவு சிலருக்குச் செங்குத்தாகவும் சிலருக்குச் சாய்வாகவும் இருக்கும். செங்குத்தாயிருப்பவரின் தாடை முன்னே வரும்போது கீழேயும் மிகுதியாக இறங்கும். சாய்வாயிருப்பவரின் தாடை நேரே முன்னே வரும். வெளித்தோற்றத்தில் இவ்வேறுபாடு சிறிதும் புலப்படாது.

இவ்விடத்தில் நிதானமாகக் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. கருவியைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப் போவதும் இதுவே. கருவிக்கு ஒரு கனம் உண்டு. மேற்பலகையும் கீழ்ப்பலகையும் பற்களுக்கிடையே அமர்வதால் வாய் சற்றுத் திறந்தே இருக்க வேண்டியதாகிறது. வாய் திறக்கும்போது தாடை மூட்டைச் சுற்றிச் சுழல்வதால், முன்பற்களும் மோவாயும் கீழே போவதோடு பின்னேயும் போகின்றன. எவ்வளவு பின்னே? மூட்டிலிருந்து கீழ் முன்பல் எவ்வளவு தூரம் முன்னே உள்ளது, எவ்வளவு தாழ்வாக உள்ளது என்ற இரண்டின் விகிதமே அதை நிர்ணயிக்கிறது. கணக்குக்காக, ஒருவருக்கு முன்பல் மூட்டிலிருந்து 80 மி.மீ. முன்னும் 35 மி.மீ. தாழ்வுமாக உள்ளது என்று வைத்துக்கொள்வோம். அவர் வாய் 5 மி.மீ. திறந்தால் முன்பல் ஏறத்தாழ 2.2 மி.மீ. பின்வாங்கும். நீண்ட முகமுள்ள மற்றொருவருக்கு 75 மி.மீ. முன்னும் 50 மி.மீ. தாழ்வுமாக இருந்தால், அதே 5 மி.மீ. திறப்புக்கு 3.3 மி.மீ. பின்வாங்கும். பல்லினும் தாழ்ந்த இடத்திலுள்ள மோவாய் இன்னும் மிகுதியாகப் பின்செல்லும். நாவின் தசை பற்றியிருப்பதோ மோவாயில். ஆகவே, இருவருக்கும் முன்பல் 6 மி.மீ. முன்னே வரவேண்டுமெனில், முதல்வரின் மூட்டு சுமார் 8 மி.மீ. வழுக்கிச் சென்றால் போதும். இரண்டாமவரின் மூட்டு 9 மி.மீ.க்கு மேல் செல்ல வேண்டும். கருவியில் எழுதப்பட்ட எண் இருவருக்கும் ஒன்றே. மூட்டு படும் பாடும் தொண்டை பெறும் பயனும் ஒன்றல்ல.

இதனால் நீண்ட முகமுள்ளவர்களுக்கு, அதாவது மோவாய்க்கும் மூக்குக்கும் இடைப்பட்ட பகுதி நெடிதாகவும், தாடையின் கீழோரம் காதிலிருந்து மோவாய்க்குச் செங்குத்தாய் இறங்குவதாகவும் உள்ளவர்களுக்கு, இயன்ற அளவு மெல்லிய கருவியே தகும் என்பது என் திடமான கருத்து. இவர்களில் பலர் உறக்கத்தில் வாய் திறந்து கிடப்பவர்கள். கருவியணிந்த பின்னரும் கீழ்ப்பலகை தளர்ந்து தாடை கீழே தொங்கினால், பகலில் திருகாணியால் பெற்ற முன்னேற்றம் இரவில் அழிந்துபோகும். ஆதலின் இரு பலகைகளையும் முன்புறத்தில் சிறு ரப்பர் வளையங்களால் இணைத்து வாய் அகலத் திறவாமல் காப்பது இவர்களுக்கு நல்லது. இதற்கு முன்பாக மூக்கு தடையின்றி மூச்சு விடுகிறதா என்று பார்த்தாக வேண்டும். மூக்கடைப்பு உள்ளவரின் வாயைக் கட்டுவது அவரைத் துன்புறுத்துவதாகும்.

அகன்று குறுகிய சதுர முகமுடையோரின் நிலை வேறு. கன்னத்துத் தசைகள் தடித்து, தாடையின் கீழோரம் ஏறக்குறைய நிலத்துக்கு இணையாக ஓடும் இவர்களுக்கு வாய் திறப்பதால் நேரும் பின்வாங்கல் குறைவு. ஆனால் கடிக்கும் வலிமை மிகுதி. உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் வழக்கமும் சேர்ந்துவிட்டால் கருவியில் விரிசல் காணும். ஒரே கட்டையாக வார்த்த கருவி தாடையை அசையவிடாததால் காலையில் கன்னம் கடுக்கும். பக்கவாட்டில் சற்று அசைய இடம் தரும் இருபகுதிக் கருவியே இவர்களுக்கு ஏற்றது.

மேலும் இச்சதுர முகத்தாருள் அநேகருக்கு மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களை ஆழமாக மூடியிருக்கும். கண்ணாடி முன் நின்று, கடைவாய்ப் பற்கள் பொருந்தக் கடித்துக்கொண்டு உதட்டை விலக்கிப் பாருங்கள். கீழ்ப்பற்கள் எவ்வளவு தெரிகின்றன? பாதிக்கு மேல் தெரிந்தால் மூடல் இயல்பானது. சிறிதும் தெரியாவிட்டால் அது ஆழமான மூடல். அவ்வாறுள்ளவர் தாடையை முன்னே நீட்ட வேண்டுமானால் கீழ்ப்பற்கள் முதலில் கீழே இறங்கி மேற்பற்களின் விளிம்பைக் கடந்தாக வேண்டும். மூடல் 5 மி.மீ. இருந்து, விளிம்புகளுக்கிடையே 3 மி.மீ. இடைவெளியும் விட்டால், வாய் மொத்தம் 8 மி.மீ. திறந்ததாகிறது. இப்படி முன்னே நீட்டும்போது கடைவாயில் ஒரு வெற்றிடம் தோன்றுவதை டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டென்சன் 1905இல் விவரித்தார். அவ்வெற்றிடத்தைப் பலகை நிரப்பாவிட்டால் பளு முழுவதும் முன்பற்களின்மேல் விழுந்து, அவை வலி காணும். முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் திறந்தே நிற்பவர்களுக்கோ நிலைமை மாறானது: கருவியின் கனத்தை அங்கே கடைவாய்ப் பற்களே தீர்மானிக்கின்றன.

கீழ்த்தாடை பின்னடைந்து மோவாய் உள்வாங்கியவர்கள் தங்கள் முகத்தைக் குறித்து வருந்துவதுண்டு. இச்சிகிச்சையைப் பொறுத்தவரை அவர்கள் நல்ல நிலையிலேயே உள்ளனர். முன்னே வர அவர்களுக்கு இடம் உண்டு, நோய்க்குக் காரணமும் அந்தப் பின்னடைவாகவே இருக்கக்கூடும். மாறாக, கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னே நிற்பவர்களுக்குத் தாடையை மேலும் நீட்ட இடம் குறைவு. அவர்களுக்கு மேல்தாடையின் குறுக்கமே காரணமாயிருக்கலாம், அதற்குக் கீழ்த்தாடைக் கருவி தக்க மருந்தாவதில்லை.

அளவெடுக்கும் முறை பற்றிச் சொல்ல வேண்டும். முன்பற்கள் அமரும் முள்கரண்டி போன்ற ஒரு தகடும், அதன்மேல் மில்லிமீட்டர் கோடுகளும் கொண்ட ஓர் அளவுகோலை வைத்தியர் வாயில் வைத்து, முதலில் தாடையை முழுவதும் பின்னே இழுக்கச் சொல்வார். பிறகு முழுவதும் முன்னே நீட்டச் சொல்வார். இங்கே பலரும் தாடையை நீட்டுவதாக எண்ணிக் கழுத்தையே நீட்டுகிறார்கள்; தலை நாற்காலியின் சாய்வை விட்டு எழுகிறது, தாடை இருந்த இடத்தில் இருக்கிறது. சாய்வில் தலையை நன்றாகப் பதித்துக்கொண்டு, கீழ்ப்பல்லால் மேலுதட்டைத் தொட முயல்வதுபோல் நீட்டினால் உண்மையான அளவு கிடைக்கும். இருமுனைகளுக்கும் இடைப்பட்ட தூரம் வளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் 10 மி.மீ.க்கு அக்கம்பக்கத்தில் இருக்கும். அதில் பாதியிலோ அதற்குச் சற்று மேலோ கருவியைத் தொடங்குவது வழக்கம். 12 மி.மீ. வீச்சுள்ளவருக்கு 60 விழுக்காடு என்பது 7.2 மி.மீ.; 7 மி.மீ. வீச்சுள்ளவருக்கு அதே 60 விழுக்காடு 4.2 மி.மீ. மட்டுமே. முதலிற் சொன்ன 5, 8 என்ற எண்களின் பொருள் இப்போது விளங்கும். அவ்வெண் முழுவதும் பின்னிழுத்த நிலையிலிருந்து எண்ணப்பட்டதா, வழக்கமாகக் கடிக்கும் நிலையிலிருந்து எண்ணப்பட்டதா என்பதையும் கேட்டுத் தெரிந்து, சிகிச்சைக் குறிப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வைத்தியர் மாறும்போது இது பெரிதும் உதவும்.

பக்கவாட்டு எக்ஸ்ரே குறித்துச் சுருக்கமாகவே சொல்லலாம். 1931இல் அமெரிக்காவில் பிராட்பென்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் வகுத்த அம்முறையில், மண்டையோட்டின் அடித்தளத்தோடு மேல்தாடை 82 பாகையும் கீழ்த்தாடை 80 பாகையும் அமைவது இயல்பு என்று பிற்காலத்தில் பட்டியலிட்டார்கள். அந்த எண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்து முகங்களிலிருந்து எடுத்தவை. இருதாடைப் பற்களும் சற்றே முன்சாய்ந்திருப்பது நம்மவரில் பலருக்கு இயல்பே. அதை அப்பட்டியலோடு ஒப்பிட்டுக் குறையென்று கொள்ளலாகாது. அன்றியும், நின்றபடி விழித்திருக்கையில் எடுத்த தட்டையான ஒரு படம், படுத்து உறங்குகையில் சுருங்கும் குழலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. பெண்கள், இளையோர், மெலிந்தோர், கழுத்துச் சுற்றளவு குறைந்தோர், மல்லாந்து படுக்கும்போது மட்டும் நோய் மிகுகிறவர்கள் ஆகியோருக்குப் பயன் கூடுதலாகக் கிட்டுவது காணப்பட்டிருக்கிறது. ஆயினும் ஓர் அளவை மட்டும் கொண்டு இன்னாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டி உறுதி சொல்ல இயலாது. கருவி அணிவோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு நோய் முற்றும் அடங்குகிறது. மற்றொரு பங்கினருக்கு ஓரளவு குறைகிறது. எஞ்சியோருக்குப் போதிய மாற்றம் இல்லை.

வெந்நீரில் இளக்கிக் கடித்துக்கொள்ளும் கருவிகள் கடைகளிலும் இணையத்திலும் மலிவாகக் கிடைக்கின்றன. மேற்கூறிய சரிவு, விகிதம், மூடல், வீச்சு இவற்றுள் எதையும் அவை அறியா. பல் வைத்தியர் வாயைப் பாராமல் அவற்றை வாங்கி அணிவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பொருத்திய பின் அவசரம் கூடாது. திருகாணியைச் சிறுசிறு படியாக, வாரத்துக்கு அரை மி.மீ. முதல் 1 மி.மீ. வரை மட்டுமே முன்னேற்ற வேண்டும். முன்னேற்றம் கூடக்கூடப் பயனும் அதே விகிதத்தில் கூடுவதில்லை. வலி மட்டும் கூடும். முதல் வாரங்களில் எச்சில் மிகுதலும், காலையில் பற்கள் சரியாகப் பொருந்தாதது போன்ற உணர்வும் இயல்பு. கருவியைக் கழற்றியதும் வைத்தியர் தந்த காலைக் கடிகட்டையைச் சில நிமிடங்கள் கடித்து, தாடை பழைய இடத்துக்குத் திரும்ப உதவுங்கள். ஆண்டுக்கணக்கில் அணியும்போது மேல் முன்பற்கள் சற்றுப் பின்னும், கீழ் முன்பற்கள் சற்று முன்னும் சாய்வது உண்மை. ஆழமான மூடல் உள்ளவர்களுக்கு இம்மாற்றம் தீங்கன்று; முன்பற்கள் விளிம்போடு விளிம்பு தொடுமாறு அமைந்தவர்களுக்கு இதுவே பெருங்கவலை. ஆண்டுக்கு ஒரு முறையேனும் பற்களின் அச்செடுத்துப் பழைய அச்சோடு ஒப்பிட வேண்டும்.

ஒவ்வொரு தாடையிலும் எட்டுப் பத்துப் பற்களாவது உறுதியாக இல்லாதவர்களும், ஈறு நோயால் பல் ஆடுகிறவர்களும், மூட்டில் வலியும் வீக்கமும் உள்ளவர்களும், தாடையை 5 மி.மீ. கூட முன்னே நீட்ட இயலாதவர்களும் முதலில் அக்குறைகளுக்கு வழி தேட வேண்டும். கருவி பின்னர் வரட்டும்.

கடைசியாக, இவ்வத்தியாயத்தில் வேறு எதை மறந்தாலும் மறக்கலாகாத ஒன்றைச் சொல்கிறேன். கருவி அணிந்த சில நாட்களில் குறட்டை ஓய்கிறது, வீட்டார் மகிழ்கிறார்கள், நோயாளியும் குணமாயிற்று என்று நம்பி மருத்துவரிடம் போவதை நிறுத்திவிடுகிறார். குறட்டை ஓய்ந்தும் மூச்சுத் தடை ஓசையின்றித் தொடர்வதுண்டு. மணிக்கு 5 முறைக்குக் கீழே அது இறங்கியதா, 15க்கு மேலேயே நிற்கிறதா என்பதை வீட்டாரின் காதால் அறிய முடியாது. ஆகையால் தாடை தன் இடத்தில் நிலைபெற்றது என்று பல் வைத்தியர் சொன்னவுடன், கருவியை வாயில் அணிந்தபடியே உறக்கப் பரிசோதனையை மீண்டும் ஒரு முறை செய்துகொள்ளுங்கள். அதன் முடிவை உங்கள் பல் வைத்தியருக்கும் உறக்க மருத்துவருக்கும் இருவருக்குமே காட்டுங்கள்.